கோடு வலப்பக்கம், புள்ளி இடப்பக்கம்

எழுத்துரு வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் கூடவே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: “கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கட்டும் மேடம்.” டெக்னிக்கல் சமாசாரமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த கருவிகளின் பெயர்களே எனக்குக் குழம்புகின்றன. அதனால் ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று சென்னையை ஒட்டிய நூம்பலில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அச்சு மிஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியது சரிதானா என்று தெரிந்துகொள்ளப் இரவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் நிறுவனம் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுத்துவந்தது. வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழிகளின் பிரிவு என் பொறுப்பு. அரபு, உருது, எபிரேயம். இதில் எபிரேயத்தை எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. உங்களிலும் பாதிப்பேர் படிக்கத் தெரியாத மொழிகளில்தான் வேலை செய்யப்போகிறீர்கள், அதனால் சிரிக்க வேண்டாம். தெரியாத மொழியில் வேலை செய்வதற்கென்று ஒரு தனி நிதானம் வேண்டியிருக்கிறது.

எபிரேயத்தில் எழுத்துகள் பெரும்பாலும் மெய்கள். அ, இ, உ போன்ற ஒலிகளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாலும் கோடுகளாலும் எழுத்தின் அடியிலோ தலையிலோ குறிப்பார்கள். செய்தித்தாளில் இந்தக் குறிகளைப் போடுவதில்லை. படிக்கிறவர்களுக்குப் பழக்கத்தில் தெரியும். பிரார்த்தனைப் புத்தகத்தில் ஒன்றுகூட விடாமல் போட்டாக வேண்டும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று குறிகள் வந்தால், எது எங்கே உட்கார வேண்டும் என்பதை எழுத்துருவும் ஷேப்பிங் எஞ்சின் என்கிற மென்பொருளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தமிழிலும் இதே வேலைதான் நடக்கிறது. ‘கொ’ என்று அடித்தால் கணினி முதலில் ககரத்தைத்தான் வைத்துக்கொள்கிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது அந்த எஞ்சின். அது தடுமாறினால் புள்ளிகளாலான ஒரு வட்டத்தை ஒட்டிக்கொண்டு கொம்பு தனியாக நிற்குமே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அது நல்ல பிழை. ‘நான் உடைந்திருக்கிறேன்’ என்று அதுவே கத்திச் சொல்லிவிடுகிறது. எனக்குப் பயமெல்லாம் கத்தாத பிழையிடம்தான்.

அந்தச் சனிக்கிழமை அச்சில் இருந்த புத்தகம், பெரிய எழுத்தில் ஒரு பிரார்த்தனைத் தொகுப்பு. எருசலேமில் இருந்த ஒரு முதியவர் தன் மனைவியின் நினைவாக அதைப் போட்டார். அந்த அம்மாளுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. எழுத்து தெரியும், அடியில் இருக்கும் குறி தெரியாது. மனப்பாடமான பிரார்த்தனையைக்கூடப் பாதியில் நிறுத்தி, ‘சரியாகத்தான் சொல்கிறேனா?’ என்று கணவரைக் கேட்பாராம். குறிகள் பளிச்சென்று தெரியும்படி ஒரு புத்தகம் செய்து, முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிற எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதற்குப் பதிப்பாசிரியர் மிரியம் என்ற பெண்மணி. தொலைபேசியில் அதட்டமாட்டார், ஆனால் விடவும் மாட்டார். ஒரு புள்ளி மயிரிழை இடப்பக்கம் தள்ளியிருந்தால்கூட அன்றைக்கே கூப்பிட்டுவிடுவார்.

எங்கள் பக்கங்களை மிரியம் முதலில் தாளில் எடுத்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். பிறகு இன்னொரு முறை முழுவதையும் படித்து, பல இடங்களில் குறிகளை மாற்றினார். நேரம் நெருக்கியதால் அந்தத் திருத்தங்களை எங்கள் இணையப் பக்கத்திலேயே நேராகச் செய்தார். திரையில் பார்த்துத் திருப்தியாகி, வெள்ளிக்கிழமை மதியம் “அச்சுக்குப் போகலாம்” என்று எழுதிவிட்டார். அவர்களுக்கு வெள்ளி மாலை ஓய்வு நாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டி, வானத்தில் நட்சத்திரம் தெரிகிறவரை தொலைபேசியைத் தொடமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை நானும் நஸீமாவும் அச்சகத்தில் இருந்தோம். நஸீமா என் பிரிவில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்குத் தலைவி. சொந்த ஊர் பூந்தமல்லி. அர்த்தம் தெரியாத எழுத்தை வடிவம் வடிவமாக ஒப்பிடுவதில் அவளுக்கு இருந்த பொறுமை எனக்குக் கிடையாது. மிஷினைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஏழுமலை. அச்சகம் இருந்த அந்த ஊர்க்காரர்தான். ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு நூம்பலில் நெல் வயல் இருந்தது. அவர் சின்ன வயதிலேயே அச்சு வேலைக்கு வந்துவிட்டார்.

முதல் தாள்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஏழுமலை ஒன்றை உருவி மேசைமேல் விரித்தார்.

“பாருங்க மேடம், கறுப்பு இன்னாமா ஏறிகீது! ஓகேன்னு சொல்ட்டீங்கன்னா ஸ்பீடு ஏத்திடுவேன்.”

உண்மையிலேயே அழகாக இருந்தது. குறிகள் கறுத்து, திரண்டு, கண் மங்கியவருக்கும் தெரியும்படி நின்றன. நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

“மேடம், ஒரு நிமிஷம்,” என்றாள் நஸீமா. அவள் விரல் ஒரு சொல்லின்மேல் இருந்தது. இன்னொரு கையில் டேப்லெட்டைப் பிடித்திருந்தாள். அதில் மிரியம் ஒப்புதல் தந்த திரைப்பக்கம். “திரையில இந்த எழுத்துக்குக் கீழ கோடு வலப்பக்கம் இருக்கு, புள்ளி இடப்பக்கம். தாள்ல புள்ளி வலப்பக்கம் போயிருக்கு.”

குனிந்து பார்த்தேன். லாமெத் என்ற எழுத்து. அதன் அடியில் ஒரு சின்னக் கோடும் ஒரு புள்ளியும் அருகருகே. கோடு ‘அ’ என்ற ஒலி, புள்ளி ‘இ’. வலமிருந்து படிக்கிற மொழியில் கோடு முதலில் வந்தால் ‘லஇ’, புள்ளி முதலில் வந்தால் ‘லிஅ’. அந்தச் சொல் எது என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரியாவிட்டாலும், எங்கள் வேலையில் எல்லோரும் அறிந்த சொல் அது. எருசலேம். அந்த ஊரின் பெயரைப் பழைய முறைப்படி எழுதும்போது இரண்டு உயிர்க்குறிகள் ஒரே எழுத்துக்கு அடியில் வந்து மாட்டிக்கொள்கின்றன. எந்த எஞ்சினைச் சோதித்தாலும் முதலில் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் பார்ப்போம்.

“ஏழுமலை, மிஷினை நிறுத்துங்க.”

“இன்னாது?”

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். அந்தக் கூடத்தில் திடீரென்று விழுந்த அமைதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு முடிவின் எடை அப்படித்தான் முதலில் தெரியும், காதில்.

“எவ்ளோ நேரம் மேடம்?” என்றார் ஏழுமலை. “சாய்ங்காலம் ஸ்கூலு கைடு ஏத்தணும். அது ஏறிச்சுன்னா ஒரு வாரத்துக்கு மேல ஓடும். இன்னிக்கு ஓடலைன்னா உங்க புக்கு அதுக்கு அந்தாண்டதான்.”

அதற்கு அந்தாண்டை என்றால் நினைவு நாள் முடிந்திருக்கும்.

அம்பத்தூருக்குப் போன் செய்து உரையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நான் பயந்ததுதான். கணினி உலகில் ஒரு விதி உண்டு: ஓர் எழுத்தோடு பல குறிகள் சேர்ந்திருந்தால் அவற்றை ஒரு நிலையான வரிசையில் நிறுத்திவிடலாம், பள்ளியில் பிள்ளைகளை உயரப்படி நிற்கவைப்பதுபோல. அந்த வரிசையில் புள்ளி முன்னால், கோடு பின்னால். எருசலேம் போன்ற சொற்களில் அது ஆபத்து என்பதால் இரண்டு குறிகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை வைப்போம். ‘இவர்களை இடம் மாற்றாதே’ என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. நாங்கள் அதைத் தடுப்பு என்போம். மிரியம் திருத்திய இணையப் பக்கம், சேமிக்கும்போதெல்லாம் உரையைச் சுத்தம் செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் குப்பை என்று அது நீக்கிவிட்டது. தடுப்பு போனதும் குறிகள் வரிசை மாறிக்கொண்டன.

அப்படியானால் மிரியம் ஏன் திரையில் கவனிக்கவில்லை? இங்கேதான் கொஞ்சம் நின்று கேளுங்கள். திரையில் காட்டிய எஞ்சினுக்கு எபிரேயம் பற்றிச் சொந்தமாக ஓர் அறிவு இருந்தது. கோடு முன்னால் வருவதுதான் வழக்கம் என்று தெரிந்து, உரை எப்படி இருந்தாலும் அது கோட்டை முன்னால் வைத்துக் காட்டியது. அச்சுப் பக்கங்களை அமைத்த எஞ்சின் வேறு. அது கொடுத்ததை அப்படியே நம்பியது. ஒன்று தவறை மன்னித்தது, இன்னொன்று மன்னிக்கவில்லை. மன்னித்த எஞ்சினைத்தான் மிரியம் பார்த்திருக்கிறார்.

அதற்குள் பிரதீப் வந்துவிட்டான். அவன்தான் அந்த வேலையின் மேலாளர். வாடிக்கையாளரிடம் நாள் சொல்லி ஒப்புக்கொண்டவனும் அவனே. வானகரம் நெரிசலில் மாட்டி, வியர்த்துப்போய் வந்தான்.

“ஒரு வார்த்தைதானே மேடம்? எல்லா இடத்துலயும் தேடி மாத்திடலாம். தடுப்பைத் திரும்பப் போட்டு, புது பிளேட் எடுத்தா மதியத்துக்குள்ள மறுபடி ஓட ஆரம்பிக்கும்.”

“நமக்குத் தெரிஞ்சது ஒரு வார்த்தை, பிரதீப். அந்தப் பக்கம் புத்தகம் முழுசையும் சுத்தம் பண்ணியிருக்கு.”

“வேற எதுவும் உடைஞ்ச மாதிரி தெரியலையே.”

“இதுவும்தான் உடைஞ்ச மாதிரி தெரியலை.”

அவன் தாளைப் பார்த்தான். புள்ளியும் கோடும் ஒழுங்காக, சமமான இடைவெளியில், என்னவோ பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பவைபோல நின்றன.

மிரியமின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தார். முதியவரின் எண்ணைத் தேடினான். நான் வேண்டாம் என்றேன். மனைவியின் நினைவு நாளுக்கு முந்தைய ஓய்வு நாளில் ஒரு வீட்டில் போன் மணி அடிக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுக்கவும் மாட்டார்கள்.

“இதை வேற யாருக்கும் படிக்கத் தெரியாதா?” என்று பிரதீப் கூடத்தையே பார்த்துக் கேட்டான்.

“ஆவடியாண்ட ஒரு பாஸ்டர் கீறாரு,” என்றார் ஏழுமலை. “வருஷா வருஷம் காலண்டர் இங்கதான் அடிப்பாரு. உச்சில இந்த மாதிரி எழுத்துலதான் ஒரு வரி போடச் சொல்வாரு. காலேஜ்ல இத்தப் பாடம் எடுக்கறாராம்.”

பாஸ்டர் பைக்கில் வந்து சேர்வதற்குள், அம்பத்தூரில் இருந்தவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். மிரியம் முன்பு தாளில் ஒப்புக்கொண்ட பக்கங்களையும் இன்று அச்சுக்கு வந்த பக்கங்களையும் படமாக வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, வேறுபடும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடச் சொன்னேன். கை கட்டி நிற்கிற நேரத்தில் மனசு தப்பான முடிவுக்கு ஓடும். வேலை இருந்தால் ஓடாது.

பாஸ்டர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் தாளைப் படித்தார். உதடு அசைந்தது. அந்தச் சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“இது தப்பு சிஸ்டர். இப்படி இருக்காது. கோடுதான் முன்னாடி வரணும்.”

பிரதீப் பெருமூச்சு விட்டான். “அவ்வளவுதான் மேடம். ஆள் சொல்லிட்டாரு. மாத்திட்டு ஓட்டலாம்.”

நான் அம்பத்தூரிலிருந்து வரத் தொடங்கியிருந்த வட்டமிட்ட பக்கங்களைத் திரையில் பாஸ்டரிடம் காட்டினேன். “இதெல்லாம்?”

அவர் ஒன்று பார்த்தார், இரண்டு பார்த்தார். மூன்றாவதில் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை ரெண்டு விதமாவும் படிக்கலாம். ஒரு ஊர்ல இப்படி ஓதுவாங்க, இன்னொரு ஊர்ல அப்படி. அவங்க எந்த வழக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“புத்தகம் முழுசும் பார்த்து, சரின்னு நீங்க சொல்ல முடியுமா பாஸ்டர்?”

“வகுப்புல ஒரு வார்த்தைக்கு விளக்கம் சொல்லிடுவேன் சிஸ்டர். இன்னொருத்தர் வீட்டுப் பிரார்த்தனைக்கு நான் எப்படிப் பொறுப்பு எடுத்துக்கறது? அவங்க வாயால சொல்லப்போற வார்த்தை இல்லையா இது?”

அவர் போன பிறகு நிலைமை இன்னும் மோசமாகத்தான் இருந்தது. வேறுபாடுகள் ஒவ்வொரு ஃபாரத்திலும், அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் ஒவ்வொரு பக்கக் கூட்டத்திலும் இருந்தன. அவற்றில் சில மிரியம் வேண்டுமென்றே செய்த திருத்தங்கள். சில, சுத்தம் செய்த பக்கம் செய்த சேதம். இரண்டையும் பிரிக்க வழியில்லை. அவர் நேராக அந்தப் பக்கத்திலேயே திருத்தியதால், சேதமாகாத பிரதி என்று எதுவுமே இல்லை. அவர் நினைத்த வடிவம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அவர் தலையில்.

“பழைய பக்கங்களையே ஓட்டிடலாமா?” என்றான் பிரதீப். இப்போது அவன் குரலில் கெஞ்சல் வந்திருந்தது. “அது அவங்க பார்த்து ஒப்புக்கிட்டதுதானே?”

“ஒப்புக்கிட்டு, அப்புறம் தப்புன்னு சொல்லித் திருத்தினது.”

“மேடம், புத்தகம் போகலைன்னா அந்த மனுஷன் வந்தவங்க முன்னாடி வெறுங்கையோட நிப்பாரு. அதை நினைச்சுப் பார்த்தீங்களா? நான் அவர்கிட்ட பேசியிருக்கேன். ரெண்டு தடவை அழுதாரு.”

நியாயமான கேள்வி. அவனை இரக்கமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அந்தக் கூடத்தில் அந்த முதியவரை அதிகம் நினைத்தவன் அவன்தான். நான் நஸீமாவைப் பார்த்தேன்.

“எனக்கு அர்த்தம் தெரியாது மேடம்,” என்றாள் அவள். “சின்ன வயசுல அரபு ஓதக் கத்துக்கறப்போ கீழ்க்கோடு ஒண்ணு மேல போயிட்டா சொல்லிக்கொடுக்கற ஹஜ்ரத் முதல்லருந்து திருப்பி ஓத வைப்பாரு. இந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்கறவங்க அந்த இடத்துல வந்து நின்னுடுவாங்க. அந்தம்மா நின்ன மாதிரியே.”

எங்கள் இயக்குநரை அழைத்தேன். இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

“நிறுத்தினா யார் பொறுப்பு?”

“நான் சார்.”

“ஓட்டினா?”

என் பார்வை மேசைமேல் இருந்த தாளுக்குப் போயிற்று.

“அதுக்கும் நீதான்னு வாய்விட்டுச் சொல்லு. சொல்லிட்டு, எதைச் சொல்றப்போ நாக்கு கூசலைன்னு பாரு. என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பின்னாடி நிக்கறேன். ஆனா முடிவை நான் எடுக்கமாட்டேன். தாள் உன் கண் முன்னாடி இருக்கு, எனக்கு இல்லை.”

அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ‘ஓட்டு’ என்றோ ‘நிறுத்து’ என்றோ ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று. இப்போது நினைத்தால், அவர் சொல்லியிருந்தால் நான் தாளைப் பார்ப்பதை நிறுத்தியிருப்பேன்.

சுவரோரமாகப் போய் நின்று, ‘ஓட்டினதுக்கும் நான்தான் பொறுப்பு’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். தாமதமாகிற புத்தகத்துக்காக அந்த முதியவரிடம் மன்னிப்புக் கேட்க முடியும் என்று தோன்றியது. வார்த்தை வார்த்தையாக அந்த மன்னிப்பை என்னால் யோசிக்க முடிந்தது. தப்பான புத்தகத்துக்கு என்ன சொல்வது என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் அது இருக்கும். ஒவ்வொரு வருடமும் திறப்பார்கள்.

திரும்பி வந்து ஏழுமலையிடம் சொன்னேன்: “பிளேட்டை இறக்கிடுங்க. சாயங்காலம் கைடு ஏத்திக்கலாம்னு உங்க ஓனர்கிட்ட நான் பேசறேன்.”

பிரதீப் வெளியே போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டான்.

நஸீமாவும் நானும் அம்பத்தூருக்குத் திரும்பினோம். மீதி நாள் முழுவதும் வட்டங்களைச் சரிபார்த்தோம். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று மிரியம் ஒரே பார்வையில் பதில் சொல்லும்படி அடுக்கினோம். எங்களுக்குள் ஊகமும் செய்துகொண்டோம்: இது சேதம், இது திருத்தம் என்று. ஊகங்களைத் தனியாக வைத்தேன். அவர் கண்ணில் அவை பட்டால், அவர் கண்ணும் எங்களோடு சேர்ந்து சாயக்கூடும்.

இங்கே விளக்குப் போட்டு வெகுநேரமான பிறகுதான் அங்கே இருட்டியது. மிரியமே கூப்பிட்டார். பிரதீப் அனுப்பிய செய்திகளைப் போனைத் திறந்ததும் பார்த்திருக்கிறார். தாளின் படத்தை அனுப்பினேன்.

“என் ஊரின் பெயர்,” என்றார் ஆங்கிலத்தில். “என் ஊரின் பெயரைக்கூட நான் பார்க்கவில்லையா?”

“நீங்கள் பார்த்த திரையில் அது சரியாகத்தான் இருந்தது,” என்று விளக்கினேன். அவர் அதை நம்ப இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொரு இடமாகப் போனோம். ‘சேதம்’, ‘சேதம்’, ‘என்னுடையது’, ‘சேதம்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நஸீமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது நிச்சயம் சேதம்தான் என்று நாங்கள் இருவருமே ஊகித்திருந்த இடம். மிரியம் சொன்னார்: “இதைத் தொட்டுவிடாதீர்கள். அந்த அம்மாளின் தந்தை வழியில் இப்படித்தான் சொல்வார்களாம். அவருடைய கணவர் நினைவுபடுத்தி, நான் மாற்றியது.” எங்கள் அறிவை நம்பி நாங்களே ‘சரிசெய்து’ ஓட்டியிருந்தால், புத்தகத்தில் அந்த அம்மாளுக்கென்றே இருந்த குறி போயிருக்கும். போனது யாருக்கும் தெரிந்திருக்காது. நஸீமா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் பொய். கைடு ஓடி முடிந்த பிறகுதான் புத்தகம் அச்சானது. நினைவு நாளுக்குப் போய்ச் சேரவில்லை. திருத்திய பக்கங்களில் சிலவற்றை மிரியம் தன் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்து ஒரு கோப்பில் செருகிக் கொடுத்தார். முதியவர் அந்த உதிரித் தாள்களைப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார். வந்தவர்கள் தங்கள் சின்னப் புத்தகங்களில் பார்த்துக்கொண்டார்களாம். அந்தப் பதிப்பகம் எங்களுக்கு அடுத்த புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஒரு நாளைத் தவறவிட்டவர்களிடம் ஏன் கொடுக்க வேண்டும்? அதில் எனக்கு வருத்தம் உண்டு, மனக்குறை இல்லை. இணையப் பக்கத்தின் சுத்தம் செய்யும் பகுதியை மாற்றினோம். அதன்பிறகு அச்சுக்குப் போகிற எஞ்சினில் வந்த பக்கத்தைத் தவிர வேறு எதையும் காட்டி யாரிடமும் ஒப்புதல் வாங்கியதில்லை.

அன்று இரவு பேசி முடிக்கிற நேரத்தில் மிரியம் ஒரு கேள்வி கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

“ஏற்கெனவே அச்சான தாள்கள் என்ன ஆயின?”

வழக்கப்படி அவை பழைய பேப்பர்காரருக்குப் போகும் என்றேன். அவர் தயங்கினார். அந்தத் தாள்களில் கடவுளின் பெயர் இருக்கிறது, அதைக் குப்பையில் போடவோ எரிக்கவோ கூடாது, தங்கள் வழக்கத்தில் மண்ணில் புதைப்பார்கள் என்றார். “நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. முடிந்தால் என்றுதான் கேட்கிறேன்.”

உடனே ஏழுமலைக்குப் போன் செய்தேன். கட்டுக் கட்டிவிட்டாராம், ஆள் இன்னும் வந்து எடுக்கவில்லை.

“பொதைக்கணுமா? பேப்பரையா?” என்றார். விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இங்க காம்பவுண்டுல தோண்டுனா ஓனரு கத்துவாரு. எங்க ஊட்டுப் பின்னால கொஞ்சம் நெலம் கீது மேடம். காலைல வாங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நஸீமாவும் நானும் போனபோது, வாசலில் பிரதீப்பின் கார் நின்றது. அவன்தான் கட்டுகளை அச்சகத்திலிருந்து ஏற்றி வந்திருக்கிறான். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். சுற்றிலும் மூன்று பக்கமும் புது அடுக்குமாடிகள். நடுவே வயலாக இருந்ததில் மிச்சமான ஒரு துண்டு நிலம். ஏழுமலை ஏற்கெனவே இடுப்பளவு தோண்டி வைத்திருந்தார்.

“எங்க வீட்லயும் ஓதற கிதாபு கிழிஞ்சுபோனா இப்படித்தான் செய்வாங்க,” என்றாள் நஸீமா.

பிரதீப் கட்டுகளை எடுத்துக் கொடுக்க, ஏழுமலை குழிக்குள் இறங்கப் போனார். விளிம்பில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“ஒண்ணு கேக்கறேன் மேடம். இது தப்பா அடிச்சதுதான? தப்பா அடிச்சதுக்கும் இந்த மரியாத உண்டா?”

மிரியமிடம் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஏழுமலை முதல் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஊரு பேருதான தப்பு,” என்றார். “சாமி பேரு சரியாத்தான கீது.”

குழிக்குள் இறங்கிக் குனிந்து, எழுத்து மேலே பார்க்கும்படி அதை வைத்தார்.